முன் பிரேக் இல்லாத வீடு

எங்கள் வீட்டு வாசலை எந்தச் சைக்கிள் தாண்டினாலும் முதலில் அதன் முன் பிரேக்கைக் கழற்றிவிட வேண்டும். இது மாமனார் போட்ட சட்டம். அவர் மௌத்தாகிப் பல வருடம் ஆகிவிட்டது, சட்டம் மட்டும் மௌத்தாகவில்லை. பரணில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. இத்தனை வருடத்தில் வீட்டுக்கு வந்த அத்தனை சைக்கிள்களின் முன் பிரேக்குகளும் அதற்குள்தான் தூங்குகின்றன. மற்ற வீடுகளில் பரணில் பித்தளைப் பாத்திரம் இருக்கும். எங்கள் வீட்டில் பிரேக் கட்டை.

காரணம் என் கணவரின் முன்பல். எங்கள் நிக்காஹ்வுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ஸ்டேஷன் பக்கம் சைக்கிளில் போனவர், குறுக்கே வந்த ஆட்டைப் பார்த்து முன் பிரேக்கை அழுத்தப் பிடித்திருக்கிறார். சைக்கிள் நின்றது, மாப்பிள்ளை நிற்கவில்லை. ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுந்ததில் முன்பல் ஒன்று போய்விட்டது. கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று என் அம்மா ஒரு மாதம் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார். பிறகு கழற்றி மாட்டுகிற பல் ஒன்று வைத்தார்கள். மாமனார் அவர் விழுந்த அன்றைக்கே ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

அப்புறம் எப்படித்தான் வண்டியை நிறுத்துவார்கள் என்று கேட்பீர்கள். பின் பிரேக்கும் செருப்பும்தான். என் கணவருக்குப் புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் செருப்புக் கடை. ஊருக்கே செருப்பு விற்கிற மனிதரின் இடது செருப்பு மட்டும் இரண்டு மாதத்தில் குதிகாலில் தேய்ந்து ஓட்டையாகிவிடும். சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் அதைத் தரையில் தேய்த்துக்கொண்டே வருவார். எங்கள் வீதியில் அந்தச் சத்தம் கேட்டால் நான் சோற்றை வடிக்கப் போய்விடுவேன்.

இந்த வீட்டில்தான் நாற்பத்தைந்து வயதில் எனக்குச் சைக்கிள் ஆசை வந்தது. கோரிமேட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற கூட்டம் முழுக்க நான் போகிற பஸ்ஸில்தான் வரும். எக்ஸ்ரே கவர், தூக்குவாளி, தலையணை, அதற்கு நடுவில் நான். நோயாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார மனசு வராது. பத்து வருடம் நின்றுகொண்டே போனேன். ஒருநாள் என் ரத்தத்தை நானே எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை எல்லையில் நிற்பதாகக் காட்டியது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சைக்கிள் கேட்டேன். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் இருக்கிறார்கள், அவர்கள் போனிலேயே எனக்காகச் சண்டை போட்டார்கள்.

அவர் வாங்கிக் கொடுத்தார். மனுஷன் குணத்தில் தங்கம், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே முன் பிரேக் கழன்றிருந்தது. வலது கை லீவர் மட்டும் சும்மா தொங்கியது. சாவியைக் கையில் கொடுக்கும்போது, விழுந்தது தெரிந்தால் அன்றைக்கே சைக்கிள் மாடிக்குப் போய்விடும் என்றார். எங்கள் மாடியில் பிள்ளைகளின் தொட்டில் இருக்கிறது, ஓடாத கிரைண்டர் இருக்கிறது, அவர் ஆசையாக வாங்கி நான்கு நாள் ஓடிய நடைப்பயிற்சி மெஷின் இருக்கிறது. மாடிக்குப் போன பொருள் எதுவும் இந்த வீட்டில் திரும்பி இறங்கியதில்லை.

பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம் இரண்டே நாளில் காலுக்குத் திரும்பி வந்துவிட்டது. அடடா, அந்தக் காலை நேரத்தை எப்படிச் சொல்வேன்! பர்தாவின் கீழ் ஓரத்தைத் துணி காயப்போடுகிற கிளிப் இரண்டால் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தால், வீட்டிலிருந்து கோரிமேடு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். உப்பு போட்டாயா, கரண்ட் பில் கட்டினாயா, ரிசல்ட் வந்ததா, ஒன்றும் கிடையாது. நாற்பத்தைந்து வருடத்தில் எனக்கென்று கிடைத்த முதல் அரை மணி நேரம் அது. அதை மாடியில் தொட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாத்த நான் தயாராக இல்லை.

மூன்றாவது வாரம், லேப் வாசலுக்கு நூறு அடி முன்னால், ஒரு ஆட்டோ சட்டென்று ஓரம் கட்டியது. பின் பிரேக்கை உயிரைக் கொடுத்துப் பிடித்தேன். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சர்ரென்று பக்கவாட்டில் இழுத்தது. செருப்பைத் தேய்த்தேன், செருப்பு கழன்று பறந்தது. யா அல்லாஹ் என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. ஆட்டோவின் பின்பக்கத்தில் கையை ஊன்றி நின்றேன். விழவில்லை. ஆனால் நான் நின்ற நிலையைப் பார்த்து ஆட்டோக்காரரே இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார்.

இதை லேபில் என்னோடு வேலை செய்கிறவள் பார்த்துக்கொண்டு நின்றாள். வில்லியனூர் தாண்டி ஒரு கிராமம், விவசாயக் குடும்பம், முப்பது வயது. தினமும் அங்கிருந்து சைக்கிளில்தான் வருவாள். ஓடிவந்தவள் என்னைப் பார்க்கவில்லை, குனிந்து சைக்கிளைப் பார்த்தாள்.

"என்னாக்கா இது, முன் பிரேக்கே இல்ல? யாருக்கா கழட்னது?"

பல் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் போலீஸ் மாதிரி ஒரு கேள்வி கேட்டாள். அன்றைக்கு மாமா இடது கையில் என்ன வைத்திருந்தார் என்று. எனக்குத் தெரியும், எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகைக் கட்டு. ஒரு கையில் கட்டு, ஒரு கையில் ஹேண்டில்பார். இருந்த ஒரு கையால் முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்திருக்கிறார். பின் பிரேக்கைப் பிடிக்கக் கை ஏது?

பல்லைப் பிடுங்கியது பிரேக் இல்லை அக்கா, பத்திரிகைதான் என்றாள். இருபத்தாறு வருடமாக ஒரு குடும்பமே தப்பான ஆளை உள்ளே போட்டு வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிற்க வைக்கிற பலத்தில் முக்கால் பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது, அது இல்லாமல் ஓட்டுவது சுவரில்லாத கிணற்றடியில் விளையாடுகிற மாதிரி என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலையே பரண் மேல் ஏறினேன். பிஸ்கட் டின்னில் மேலாக என்னுடைய பிரேக் புதிதாகப் பளபளத்துக்கொண்டு கிடந்தது. மறுநாள் கோரிமேட்டுச் சைக்கிள் கடையில் மாட்டியாகிவிட்டது. மாட்டிவிட்டால் ஆயிற்றா? பயம் என் விரலில் இருந்தது. வலது கை லீவர் பக்கம் போனாலே வெட்டுப்பட்ட மாதிரி இழுத்துக்கொள்ளும். அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது, சறுக்கிப் பார்க்க வேண்டும் என்றாள் அவள். வேண்டுமென்றே சறுக்க வேண்டும். விழுந்தாலும் பரவாயில்லை.

விழக்கூடாது என்று சட்டம் போட்ட வீட்டிலிருந்து விழுவதற்காகக் கிளம்பிப் போன பெண் புதுச்சேரியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூலக்குளத்தில் ஒரு புது லே-அவுட். ரோடு போட்டு, கல் நட்டு, ஒரு வீடும் இன்னும் வராத இடம். ஞாயிறு காலை ஆறரைக்கு, வீட்டில் அவர் எழுந்திருக்கும் முன்பே, அவளும் நானும் அங்கே இருப்போம். முதலில் மெதுவாகப் போய், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள். எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், கொசு அடிக்கிற மாதிரி பட்டென்று பிடிக்கக்கூடாது. பிடிக்கும்போது இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ள வேண்டும், முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? எலுமிச்சம்பழம் என்று வாயால் சொல்லிக்கொண்டே கொசுவை அடித்தேன். பின் சக்கரம் தூக்கியது. மணல் குவியலில் போய் உட்கார்ந்தேன். ஒன்று.

அதற்கப்புறம் ரோட்டில் மணலைத் தூவினாள். இந்த ஊரில் கடற்கரைப் பக்கம் போனால் ரோட்டில் மணல் இல்லாமல் இருக்காது அக்கா, இதில் பழகாமல் எதில் பழகப் போகிறீர்கள் என்றாள். மணலில் முன் பிரேக்கை மறந்துவிட வேண்டும், பின் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும். திருப்பத்தில் பிடிக்கவே கூடாது, திருப்பம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். நான் திருப்பத்தில் பிடித்தேன். இரண்டு. மறுபடியும் பிடித்தேன். மூன்று. நான்காவது விழுந்தபோது வலியோடு சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டு பேரும் நடுரோட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நாய் ஒன்று வந்து எங்களைப் பார்த்துவிட்டு நமக்கெதற்கு வம்பு என்று திரும்பிப் போய்விட்டது.

எட்டாவது விழுந்த அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. பின் சக்கரம் சறுக்க ஆரம்பித்ததும் என் கை இன்னும் இறுக்கித்தான் பிடிக்கப் பார்க்கும். பயந்தவள் எதையும் விடுவாளா? அவள் தூரத்திலிருந்து கத்தினாள்.

"வுடுக்கா! பிரேக்க வுடு! பாக்கறத நேரா பாரு!"

விட்டேன். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் வண்டி தானாக நிமிர்ந்து நேரானது. நம்ப முடியவில்லை! திரும்பிப் போய் மறுபடியும் சறுக்கினேன், மறுபடியும் விட்டேன், மறுபடியும் நேரானது. அந்த சர்ர்ர் சத்தமும், அது நின்று வண்டி கைக்குள் வருகிற அந்த நொடியும் இருக்கிறதே, இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று ஆகிவிட்டது. அன்று மட்டும் முப்பது தடவை சறுக்கியிருப்பேன். போதும் அக்கா டயர் பாவம் என்று அவள்தான் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

மொத்தம் பதினோரு தடவை விழுந்தேன். முழுக்கைச் சட்டை இருந்ததால் முழங்கை தப்பித்தது. தைல வாசனைக்கு அவர் காரணம் கேட்டபோது, லேபில் நின்று நின்று கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அது எனக்குள் முள் மாதிரி கிடந்தது. பழகுவதற்காக விழுந்ததெல்லாம் கணக்கில் வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் அந்தச் சமாதானம் நிற்காது.

மாட்டிக்கொண்டது ஒரு சனிக்கிழமை மாலை. அவருக்கு வண்டி துடைப்பது ஒரு இன்பம். அதுவரை தன் வண்டியோடு நிறுத்திக்கொண்டவர், அன்று பழைய பனியனை நனைத்துக்கொண்டு என் சைக்கிளைத் துடைக்க உட்கார்ந்தார். முன் சக்கரத்துக்கு வந்ததும் கை நின்றது. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் கத்துகிற ஆள் இல்லை, கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். நேராகப் போய் ஸ்பேனரை எடுத்து வந்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பத்திரிகைக் கட்டிலிருந்து ஆட்டோ வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். மூலக்குளத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் காதில் எதுவும் ஏறவில்லை. விரலால் பல்லைத் தொட்டுக் காட்டினார், அவருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"நாளைக்கு என்கூட வாங்க," என்றேன். "குருசுக்குப்பம் வரைக்கும் போய் மீன் வாங்கிட்டு வருவோம். வழியில நான் விழுந்தா நீங்களே தூக்கிட்டுப் போய் மாடியில போடுங்க. ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "விழுந்த சைக்கிள் மாடிக்கு," என்றார். "அவ்ளோதான். அப்பறம் பேச்சே கெடையாது."

ஞாயிறு விடியலில் மழை பெய்து விட்டிருந்தது. அவர் முன்னால் போகச் சொன்னார், என் வித்தையைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டுமாம். கடற்கரைச் சாலையில் நடக்கிறவர்கள் கூட்டம், அதனால் உள் வீதி வழியாகவே வடக்கே போனோம். ஈர ரோடு. நனைந்த ரிம் முதலில் பிடிக்காது என்று மூலக்குளத்தில் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள், அதனால் அவ்வப்போது இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டுத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே போனேன். பின்னால் அவருடைய கனத்த பழைய சைக்கிள் முனகிக்கொண்டு வந்தது. பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனால் பயத்தைவிட உற்சாகம்தான் பெரிதாக இருந்தது. ஒரு ஸ்பீட் பிரேக்கரில் பிஸ்மி சொல்லி எழும்பி இறங்கினேன். பின்னாலிருந்து ம்க்கும் என்று ஒரு கனைப்பு வந்தது.

குருசுக்குப்பத்தில் மீன்காரப் பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு முன்னால், இடது பக்கச் சந்திலிருந்து ஐஸ் ஏற்றிய குட்டியானை வேன் ஒன்று ரிவர்ஸில் வந்தது. ஹாரன் இல்லை, விளக்கு இல்லை. ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்து நின்றது.

யோசித்தேனா? இல்லை. இடுப்பு தானாகப் பின்னால் போனது. இரண்டு கையும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தன. முன் பிரேக் பிடித்தது! வண்டி அப்படியே தரையில் ஒட்டிக்கொண்டு வேகம் குறைந்தது. நிற்கப் போகிறேன், நின்றேவிட்டேன் என்று மனசு துள்ளும்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. செருப்பு தேய்கிற சத்தம். இத்தனை வருடமாகக் கேட்ட சத்தம், ஆனால் அன்று அது நிற்காமல் கிட்டே கிட்டே வந்தது. அவர் வண்டி நிற்கவில்லை. நான் நின்றால் என் முதுகில்தான் வந்து மோதுவார்.

பிரேக்கை விட்டேன். வண்டி ஒரு உருட்டு உருண்டது. ஹேண்டிலை இடது பக்கம் மதில் ஓரமாகத் திருப்பி ஒதுங்கிக் காலை ஊன்றினேன். நான் இருந்திருக்க வேண்டிய இடத்தின் வழியாக என் கணவர் பக்கவாட்டில் படுத்த மாதிரி சறுக்கிக்கொண்டு போனார். மீன் தண்ணீரும் மணலும் கலந்த சேற்றில் சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். குட்டியானையின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்கிற நினைப்பே அப்போது வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஓடினேன். என்னங்க என்னங்க என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. எழுந்து உட்கார்ந்தவர் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், முழங்காலில் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். அப்புறம் நாக்கை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் மாறியது.

பல்லைக் காணோம்.

நானும், குட்டியானை டிரைவரும், மூன்று மீன்காரப் பெண்களும் குனிந்து மணலைத் துழாவினோம். சங்கரா மீன் கூடைக்குப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா அதைக் கண்டுபிடித்து, முந்தானையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இந்தா பாய், உன் பல்லு. பொண்டாட்டி எம்மாம் சூப்பரா நிறுத்தறா, நீ என்னா இப்பிடி வுழற?"

அவர் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். கல்யாண ஆல்பத்தில் இருக்கிற அதே முகம். மீன் வாங்கினோம். வரும்போது இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தோம். எனக்கு வாயில் ஆயிரம் வார்த்தை முட்டிக்கொண்டு நின்றது, பாருங்கள் பின் பிரேக்கை, பாருங்கள் செருப்பை என்று. நொண்டி நொண்டி நடக்கிற மனுஷனிடம் எதைச் சொல்ல?

வீட்டுக்கு வந்ததும் பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டார். பிறகு தன் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார். நான் தடுக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். இருபது வருடமாக அவரைக் கடைக்குக் கொண்டுபோன வண்டி. மேலே அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் சாத்துகிற சத்தம் கேட்டது. சட்டம் சட்டம்தான். தன் வாயால் சொன்னதைத் தானே செய்கிறார்.

என் சைக்கிள் முற்றத்தில் ஸ்டாண்டு போட்டு நின்றது. இரண்டு பிரேக்கோடு, அன்றைக்கு விழாத வண்டியாக. இனி யாரும் அதைத் தொட மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த அரை மணி நேரம் எனக்கே எனக்கு. அவர் முழங்காலில் ரத்தத்தோடு படியேறிப் போனதைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பாழாய்ப் போன மனசு.

முற்றத்தில் நின்று மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

"என்னங்க! நானும் விழுந்துருக்கேன். ஒண்ணு இல்ல, பதினோரு தடவ. மூலக்குளத்துல, உங்களுக்குத் தெரியாம. கால் வலின்னு சொன்னது பொய். இதையும் வந்து தூக்கிட்டுப் போங்க."

மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் அவர் தலை தெரிந்தது. என் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பதினோரு தடவையா?"

"ஆமா."

"பல்லு ஒண்ணும் போகலியே?"

அண்ணாந்து ஈ என்று எல்லாப் பல்லையும் காட்டினேன். அவர் எண்ணுகிற மாதிரியே பார்த்தார். தலை மறைந்தது.

அப்புறம் டிங் என்று ஒரு மணிச் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிங். பழைய சைக்கிளின் பெல், ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. பரணிலிருந்து பிஸ்கட் டின்னை எடுக்க நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.